கட்டுச்சோறும் டோரிஸின் வாளியும்

குப்பை வண்டிக்குக் கண் முளைத்துவிட்டது. வண்டியின் நெற்றியில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். தொட்டி கவிழும்போது அது உள்ளே எட்டிப் பார்க்கிறது. எது எந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது என்று கண்டுபிடித்து, வண்டி அடுத்த வீட்டுக்கு நகர்வதற்குள் வீட்டுக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற சில நாட்களில் எனக்கே ஒன்று வந்தது. உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியில் பிளாஸ்டிக் பை இருந்ததாம். அது கூடாது என்று வாசல் வாசலாகப் போய்ச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். போட்டது என் மனைவி மாலதி.

“கறிவேப்பிலைக் காம்பை வேற எதுல சுத்திப் போடறது? உங்க ரிட்டயர்மென்ட் சர்ட்டிஃபிகேட்லயா?” என்றாள்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் போனில் கேட்டார்கள்: கேமரா சொல்கிறது, செய்தி போகிறது, ஜனங்கள் படிக்கவும் செய்கிறார்கள்; ஆனால் யாரும் மாறவில்லையே, நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? நான் செய்ததெல்லாம் பதற்றப்பட்டது மட்டும்தான். ஆனால் அதை முறையாகச் செய்தேன். அதைச் சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு நான் வந்தது பூமியைக் காப்பாற்ற அல்ல. வீட்டு வாடகையைக் காப்பாற்ற. கலிஃபோர்னியாவில் குபெர்டினோ பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். அது மூடும் நாளில் என்னையும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் ஒன்றாக வாசலில் வைத்தார்கள். நாற்காலியை உடனே ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. மேலதிகாரி ‘ஒரு நிமிடம் வர முடியுமா’ என்று கூப்பிட்டால் போதும், நான் மனதுக்குள் வீட்டைக் காலி செய்து, சாமான்களைக் கட்டி, விமானத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன்.

நகராட்சிக் குப்பைத் துறையில் ஆசிய மொழி ஏதாவது தெரிந்த ஆள் தற்காலிகமாகத் தேவை என்றார்கள். போனேன். சேலத்தில் என் மாமியார் ‘மாப்ள அமெரிக்காவுல சுற்றுச்சூழல் விஞ்ஞானி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஞ்ஞானிக்கு முதல் நாள் கொடுத்தது முழங்கை வரை ஏறும் கையுறையும் ஒரு நீள இடுக்கியும்.

எங்கள் பிரிவில் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவர் டோரிஸ். டோரிஸ் எனக்கு மேலதிகாரி. முன்பு பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்த அம்மா. நல்ல உயரம். வெள்ளி முடியை ஒட்ட வெட்டியிருப்பார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். நீங்கள் எதைச் சொன்னாலும் “நோட்டட்” என்பார். குறித்துக்கொண்டேன் என்று அர்த்தம். ஒரு தடவை பயத்தில் நான் ‘டோரிஸ், உங்கள் முதுகில் குளவி’ என்று கத்தியதற்கும் அதையேதான் சொன்னார். குளவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வேலை இதுதான். ஒரு தெருவின் தொட்டிகளைக் கொண்டுவந்து தார்ப்பாயில் கொட்ட வேண்டும். சமைத்தது ஒரு குவியல், சமைக்காதது ஒரு குவியல், பிரிக்கவே பிரிக்காமல் பையோடு போட்டது ஒரு குவியல். ஒவ்வொன்றையும் எடை போட வேண்டும். எந்த வீட்டுக் குப்பை என்று வாய் தவறியும் பேசக் கூடாது. சோறும் காய்கறியும் சாதாரணக் குப்பையோடு மண்ணுக்குள் புதைந்தால் அழுகி வாயுவாகி மேலே போய் பூமியைச் சூடாக்குகிறது. அதனால்தான் இத்தனை பாடு. எடை போட்டு முடித்ததும் டோரிஸ் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து ஒரு ஆப்பிளைத் தின்பார். தோல், சதை, நடுத்தண்டு, விதை எல்லாம் உள்ளே போகும். கடைசியில் கையில் மிஞ்சும் காம்பைக் குவியலில் போட்டுவிட்டு எழுந்திருப்பார். எங்கள் துறையின் கொள்கை விளக்கம் முழுவதும் அந்த ஆப்பிளில் இருந்தது.

தமிழ் வீட்டுக் குப்பையை விலாசம் பார்க்காமலே நான் சொல்லிவிடுவேன். புளிச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, இஞ்சித் தோல். ஒன்று மட்டும் இருக்கவே இருக்காது: தயிர் வாங்கிய பெரிய வெள்ளை டப்பா.

“இவர்கள் தயிர் சாப்பிடுவதில்லையா?” என்று டோரிஸ் கேட்டார்.

“தயிரைச் சாப்பிடுவார்கள். டப்பாவைப் போட மாட்டார்கள்.”

“எங்கே வைப்பார்கள்?”

“வீடு முழுக்க.”

“நோட்டட்.”

உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டபோது என்னை மேடையேற்றினார்கள். ஃப்ரீமான்டில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பெற்றோர் கூட்டம். உருகும் பனிமலை, மெலிந்த வெள்ளைக் கரடி, சிவப்பாய்க் காயும் பூமி உருண்டை என்று வரிசையாகப் படம் காட்டினேன். கடைசி வரிசையில் இருந்து ஒருவர் கை தூக்கினார்.

“நல்லா பேசினீங்க சார். ஒரே ஒரு டவுட். அந்தக் கரடிக்கும் எங்க வீட்டு ரசத்துக்கும் என்ன கனெக்‌ஷன்?”

கனெக்‌ஷனைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சாப்பாடு. கூட்டம் சாப்பிட்ட பிறகும் பிரியாணி அலுமினிய ட்ரேக்களில் தொடாமல் கிடந்தது. அதில் ஒன்றை மாலதி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நானும் சாப்பிட்டேன். கரடி ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை பின்கதவில் உட்கார்ந்து இதை டோரிஸிடம் சொன்னேன். ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “உங்கள் ஆட்கள் எதற்குப் பயப்படுவார்கள்?”

நான் யோசிக்கவே இல்லை. “விருந்துக்கு வந்தவருக்குச் சோறு பத்தாமல் போவதற்கு.”

“பூமி சூடாவதற்கு?”

“அதற்கும் பயம்தான். ஆனால் பூமி யார் வீட்டுக்கும் சாப்பிட வந்ததில்லை.”

“நோட்டட்” என்றார் டோரிஸ். இந்த முறை நிஜமாகவே குறித்துக்கொண்டார் என்று தோன்றியது.

அந்தக் குளிர்காலத்தில்தான் நகர மன்றத்துக்கு எங்கள் மேல் கண் விழுந்தது. பேசித் திருத்துவதற்கு ஒரு பிரிவு எதற்கு, அபராதச் சீட்டு அனுப்பினால் போதாதா என்று கேட்டார்கள். பேச்சால் ஒரு கூட்டம் மாறியதாக ஒரே ஓர் உதாரணம் காட்டுங்கள், இல்லையென்றால் பிரிவை மூடுகிறோம் என்றார்கள். டோரிஸ் பதற்றப்படவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நான் பட்டுவிட்டேன். அவர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியை என் மேஜை மேல் வைத்தார். பெயின்ட் வாளி அளவு.

“உங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு பெரிய விசேஷம். எழுபது பேர். கடைசியில் வீணாகும் சாப்பாடு இந்த வாளிக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் நாம் இருக்கிறோம்.”

“அடங்காவிட்டால்?”

“வாளியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.”

அவர் நகைச்சுவையாக எதையும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதனால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விமானத்தில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

கரடிப் பேச்சுக்கு உருகிய ஒரே ஜீவன் செந்தில். கூரையில் சோலார், வாசலில் எலக்ட்ரிக் கார், காபிக்குக் கூட சொந்த டம்ளர் கொண்டு போகிற பையன். அவன் மனைவி ப்ரியா நிறைமாதம். ப்ரியாவின் அம்மா ருக்மணி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தார். செந்திலின் பெற்றோரும் வந்திருந்தார்கள். செந்தில் வீட்டில் கட்டுச்சோறு விசேஷம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் வளைகாப்பு என்போம். கொங்குப் பக்கத்தில் பெண் வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்து கொண்டுவந்து பந்தி போடுவார்கள். “நம்ம ஃபங்ஷனையே டெமோவா பண்ணிக்கலாம் அங்கிள்” என்றான் செந்தில். அங்கிள் என்றது ஒரு பக்கம் குத்தியது. வேலை முக்கியம் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அளவு போட்டேன். ஒரு ஆளுக்கு எந்தச் சோறு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு என்று எங்கள் துறையில் கணக்கு உண்டு. ருக்மணி அம்மா கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார்:

“ஏனுங்க தம்பி, இது எழுவது பேத்துக்குங்களா, எழுவது குருவிக்குங்களா?”

“ஆன்ட்டி, இது சயின்டிஃபிக்கா பார்த்தது.”

“பாத்தவிங்க எந்த ஊருங்க? பந்தியில நின்னு பரிமாறியிருக்கறாங்களா?”

“அம்மா, ப்ளீஸ்மா,” என்றாள் ப்ரியா. “அவருக்கு வேலை விஷயம். இது சரியா வரலைன்னா அவர் வேலை போயிடும்.”

ருக்மணி அம்மாவின் முகம் மாறியது. “அப்புடிங்களா? அய்யோ சாமி. சரி, உங்களுக்காக ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. சம்பந்தி முன்னால சோறு பத்தலைன்னு ஆச்சுன்னா உங்க வேலை இருந்தும் எனக்கு மூஞ்சி இருக்காது. பாத்துக்குங்க.”

ஆக அந்த வாளியின் மேல் இரண்டு பேரின் பிழைப்பு தொங்கியது. நிறைந்தால் என் வேலை போகும். சோறு குறைந்தால் அந்த அம்மாவின் மானம் போகும்.

சன்னிவேல் பக்கம் இருக்கும் சமையல்காரருக்குப் போன் பண்ணி அளவைச் சொன்னேன். “அண்ணே, எழுபதுன்னு சொல்றீங்க. நான் தொண்ணூறுக்குப் போட்டுடறேன், சேஃப்டிக்கு” என்றார். கூடாது என்று மன்றாடினேன். “சரிண்ணே, உங்களுக்காகக் குறைச்சே போடறேன்” என்றார். அவர் குறைத்தாரா, குறைத்தேன் என்ற சொல்லை மட்டும் சேர்த்துப் போட்டாரா என்று இன்றுவரை தெரியாது. அழைப்பிதழில் செந்தில் ஒரு வரி சேர்த்தான்: ‘பூமிக்கு மரியாதையாக, அளவாகச் சமைத்த விருந்து.’ அந்த வரியை டோரிஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். முட்டாள்கள்.

விசேஷத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது என் கண் முன்னால் ஒரு காட்சி வந்தது. ஒரு பெரியவர் காலித் தட்டோடு நிற்கிறார். ருக்மணி அம்மா கரண்டியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிறார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் இந்தத் துறையில் எத்தனையோ டன் சோறு வீணாவதைப் பார்த்தவன்; மிஞ்சும் என்பதற்கு என் கையாலேயே எடை போட்ட சாட்சி இருக்கிறது. அதெல்லாம் மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மௌரி அவென்யூவில் ஓர் உணவகத்துக்குப் போன் செய்து எலுமிச்சை சாதம் இரண்டு ட்ரே, தயிர் சாதம் இரண்டு ட்ரே என்று கிசுகிசுத்தேன். பக்கத்து வாசல் வழியாகக் கொண்டுவாருங்கள், பெல் அடிக்காதீர்கள் என்றும் சொன்னேன். “என்ன சார், சரக்கா வாங்கறீங்க?” என்று கேட்டார் அந்தப் பக்கம் இருந்தவர்.

சனிக்கிழமை செந்தில் வீட்டுப் பின்பக்கம் பந்தல். ப்ரியா நாற்காலியில் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். டோரிஸ் ஓரமாகத் தராசையும் வாளியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் யாரோ கை நிறைய வளையல் போட்டுவிட்டிருந்தார்கள். அவர் கை அசைத்தபோதெல்லாம் குப்பைத் துறை கலகலத்தது.

பந்தி ஆரம்பித்தது. முதலில் வந்த நாலைந்து பெரியவர்கள் தட்டில் புளிச்சோற்றைக் குன்று குவித்தார்கள். செந்திலைத் தேடினேன், காணோம். பார்த்தால் கார்ப் பக்கம் இருந்து பெரிய ட்ரே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

“என்னடா இது?”

“அங்கிள், சும்மா ஒரு பேக்கப். சமையல்காரர்கிட்ட தனியா சொல்லியிருந்தேன். முன் டிக்கியில வச்சிருந்தேன்.”

“முன் டிக்கியா?”

“எலக்ட்ரிக் கார்ல இன்ஜின் இல்லையே அங்கிள். நிறைய இடம்.”

பூமியைக் காப்பாற்ற வாங்கிய காரில் அதற்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் போல. நான் திட்ட வாயெடுப்பதற்குள் கராஜின் கதவு மெல்ல மேலே ஏறியது. உள்ளே முதலில் புடவைக் கொசுவம் தெரிந்தது. பிறகு ருக்மணி அம்மா, அவர் இடுப்பளவுக்கு ஒரு பாத்திரம். விடிவதற்கு முன்னால் எழுந்து தனியாகப் புளிச்சோறு கிளறி ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

“ஆன்ட்டி! ஒத்துக்கிட்டீங்களே!”

“உங்க அளவுக்கு ஒத்துக்கிட்டனுங்க தம்பி. என்ற அளவுக்கு யாருங்க தடை போட்டது?”

நான் நியாயவானாக மூச்சை இழுத்துப் பேச ஆரம்பித்தேன். அளவு என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று. அப்போது பக்கத்து வாசலில் இருந்து ஒரு குரல் தெரு முழுக்க ஒலித்தது. “குணா சார் ஆர்டர்! நாலு ட்ரே! யாருங்க குணா சார்?”

அந்த முற்றத்தில் குணா நான் ஒருவன்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்ற மாலதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை மறைக்க அல்ல, அடக்க. ருக்மணி அம்மா என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, “வாங்க தம்பி, வாங்க” என்றார்.

இதையும் சமாளித்திருக்கலாம். எழுபது பேரும் சாப்பிட்டிருந்தால். ஆனால் பெரியவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் தட்டில் ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்குப் புரியவில்லை. ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டேன்.

“என்னம்மா, சாப்பாடு நல்லா இல்லையா?”

“ஐயோ, சூப்பரா இருக்கு அங்கிள். வீட்லயே தோசை சாப்டுட்டு வந்துட்டோம். அளவா பண்ணியிருக்கோம்னு இன்விடேஷன்ல போட்டிருந்தீங்கல்ல? பாவம், ப்ரியாவுக்குப் பத்தாமப் போயிடுச்சுன்னா? அதான். அப்புறம் சும்மா கொஞ்சம் கேசரி செஞ்சு கொண்டுவந்தேன். எங்க வைக்கட்டும்?”

விசாரித்துக்கொண்டே போனேன். பாதிப் பேருக்கு மேல் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று ஏதாவது செய்தும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமல், ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றப் புறப்பட்டு வந்த கூட்டம் அது. பந்தல் மேஜையில் சோறு மலையாக நின்றது. அந்த மலையடிவாரத்தில் ஒரு வெள்ளை வாளி.

நான் டோரிஸிடம் போனேன். “முடிந்துவிட்டது” என்றேன். என் குரல் விமானத்திலிருந்து வந்தது. “எல்லோரும் பயத்தில் கூடுதலாகக் கொண்டுவந்துவிட்டார்கள். நானும்.”

டோரிஸின் காதுமடல் சிவந்தது. எழுந்து அலுவலக வண்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம், மேலே சில்வர் தாள். சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி.

“ஒருவேளை பத்தாவிட்டால் என்று…” என்றார். வளையல் கலகலத்தது.

நான் வாழ்க்கையில் ஒரே தடவை அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். “நோட்டட்.”

அந்த நேரத்தில் ருக்மணி அம்மா வந்தார். “அந்தம்மா எதுக்குங்க வாளியப் பக்கத்துல வெச்சுட்டு உக்காந்திருக்குது?”

சொன்னேன். மிஞ்சிய சோறு இதில் போகும், எடை பார்ப்பார்கள், நிறைந்தால் என் வேலை போகும் என்று.

“எதைங்க போடறது? சோத்தையா? கட்டுச்சோத்தையா?” அவர் குரல் ஏறியது. “கட்டுச்சோறுன்னா கட்டிக் குடுக்கறதுங்க தம்பி. பந்தி போடறது பாதி, கட்டிக் குடுக்கறது பாதி. கட்டுச்சோத்துக்கு வந்துபோட்டு வெறுங்கையோட ஒருத்தரும் படி தாண்டப்படாது. இதக்கூடவா உங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுக்கல?”

“எதுல கட்டறதுங்க அத்தை, இங்க வாழையிலை எங்க இருக்கு?” என்றான் செந்தில்.

ப்ரியா நாற்காலியிலிருந்தே சொன்னாள்: “பாத்திரம் கழுவற மெஷினைத் திறங்க.”

அந்த வீட்டில் அந்த மெஷின் பாத்திரம் கழுவியதே இல்லை. உள்ளே போய் டோரிஸ் அதன் கதவைத் திறந்ததும் வெள்ளைத் தயிர் டப்பாக்கள் அருவியாகச் சரிந்து அவர் காலடியில் உருண்டன. மேல் அலமாரியில் இருந்து இன்னும் வந்தன. கராஜில் இருந்து வந்தன. விருந்தாளிகள் கேசரியும் சுண்டலும் கொண்டுவந்த டப்பாக்களைக் கழுவிக் கொடுத்தார்கள். இத்தனை வருடங்களாகத் தார்ப்பாயில் தேடியும் கிடைக்காத டப்பா எல்லாவற்றையும் டோரிஸ் அன்றுதான் பார்த்தார். பிறகு வளையல்களை மேலே தள்ளிவிட்டு, மூடி போடும் வேலையை எடுத்துக்கொண்டார். ருக்மணி அம்மா புளிச்சோற்றை அழுத்தி நிரப்புவார், சம்பந்தியம்மா சர்க்கரைப் பொங்கல் வைப்பார், டோரிஸ் மூடுவார். யாராவது ‘வேண்டாங்க, போதும்’ என்றால் ருக்மணி அம்மா இன்னொரு கரண்டி வைத்தார். வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் அர்த்தம்.

கடைசியில் மேஜையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. டோரிஸின் மக்ரோனி. அதை மேஜையில் வைத்ததே யாருக்கும் தெரியவில்லை, யாரும் தொடவும் இல்லை. வாளிக்குள் அதுவரை கறிவேப்பிலை, மிளகாய் வற்றல், வாழைப்பழத் தோல், குழந்தைகள் தட்டில் விட்டது மட்டுமே இருந்தது. மக்ரோனியைப் போட்டால் நிறைந்து வழியும். டோரிஸுக்குத் தெரியும். அவரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாளியிடம் போனார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அந்த முகத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து கற்பனையில் பார்த்திருந்தேன், கரண்டியோடு நின்ற ருக்மணி அம்மாவுக்கு இருந்தது அது. ஒருவர் செய்து கொண்டுவந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

“அம்மிணி, நில்லுங்க!” என்று ருக்மணி அம்மா பாத்திரத்தைப் பிடுங்கினார். “அது எனக்கு. நீங்க எனக்குக் கட்டிக் குடுங்க.” கையை ஜாடை காட்டினார். டோரிஸுக்கு வார்த்தை புரியவில்லை, கை புரிந்தது. ஒரு டப்பாவை எடுத்து மக்ரோனியை அழுத்தி நிரப்பினார். ருக்மணி அம்மா ‘போதும்’ என்று கை காட்டினார். டோரிஸ் இன்னொரு கரண்டி வைத்தார்.

மீதி மக்ரோனியை நாங்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டோம். ருக்மணி அம்மா தன் டப்பாவில் இருந்ததைப் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு வதக்கி இரவு சம்பந்திக்குக் கொடுத்ததாகப் பின்னால் செந்தில் சொன்னான். சம்பந்தி இன்னும் கொஞ்சம் கேட்டாராம்.

வாளி நிறையவில்லை. நான் குதித்தேன். டோரிஸ் குதிக்கவில்லை. “சாப்பாடு குறைந்ததா, இடம் மாறியதா?” என்று கேட்டார். டப்பாவில் போனது அவரவர் வீட்டுத் தொட்டிக்குள் போனால் இது ஏமாற்று வேலைதானே? அடுத்த வாரம் விருந்தாளிகளில் பலரிடம் அனுமதி வாங்கி அவர்கள் பச்சைத் தொட்டிகளைத் தார்ப்பாயில் கொட்டினோம். புளிச்சோறு ஒரு பருக்கை இல்லை. வழிப்பயணத்துக்காகவே கிளறும் சோறு. சில நாள் தாங்கும். தாங்கிய நாளெல்லாம் தின்றிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் இல்லை. தயிர்ச் சோறு மட்டும் அங்கங்கே கிடந்தது, புளித்து. அதில் பாதி என் ட்ரேயில் வந்தது என்று எனக்குத் தெரியும். டோரிஸுக்கும் தெரியும். எந்த வீட்டுக் குப்பை என்று பேசக் கூடாது என்பது விதி.

மன்றத்துக்கு அவர் எழுதிய அறிக்கையில் வெற்றி என்ற சொல்லே இல்லை. இந்தக் கூட்டத்திடம் குறைவாகச் சமையுங்கள் என்றால் அதிகமாகச் சமைப்பார்கள். சோதனை நடத்திய அதிகாரிகளும் அப்படியே. ஆகவே குறைக்கச் சொல்வதை நிறுத்தி, கட்டிக் கொடுக்கச் சொல்வோம், தயிர்ச் சோறு மட்டும் அளவாக இருக்கட்டும் என்று எழுதினார். ‘சோதனை நடத்திய அதிகாரிகளும்’ என்ற இடத்தில் மன்றத்தினர் சிரித்தார்களாம். ஒருவர் தன் வீட்டு ஃப்ரீசரில் இருக்கும் வான்கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போய்விட்டதாம். பிரிவு தப்பியது. நான் நிரந்தரமானேன். கரடிப் படங்களைத் தூக்கிவிட்டு ஒரே வரியில் ஒரு தாள் அச்சடித்தோம்: ‘விசேஷத்துக்கு வரும்போது காலி டப்பாவோடு வாருங்கள்.’ என் பணிக்காலத்தில் ஜனங்கள் சொன்னபடி கேட்டது அந்த ஒரு தாளைத்தான். ஏனென்றால் அது அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. நாங்கள் ஒளிக்காமல் செய்யச் சொன்னோம், அவ்வளவுதான்.

செய்தியில் உலக நாடுகள் கூடி ‘குறைக்கிறோம், குறைக்கிறோம்’ என்று கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். ஒவ்வொரு நாட்டின் முன் டிக்கியிலும் ஒரு ட்ரே இருக்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் யார் முன்னால் பத்தாமல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள் என்று கேட்க ஒரு டோரிஸ் வேண்டும்.

போன மாதம் எங்கள் வீட்டில் என் ஓய்வு விருந்து. அழைப்பை மாலதி எழுதினாள். ‘அளவாக’ என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டாள். டோரிஸ் ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது. லிவர்மோர் மலைப்பக்கம் இருக்கிறார். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையில் சில்வர் தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரம். மறு கையில் காலித் தயிர் டப்பா, கழுவித் துடைத்தது.

“வாங்க டோரிஸ், சாப்பிடலாம்” என்றேன்.

“நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்” என்றார் டோரிஸ். “ஒருவேளை பத்தாவிட்டால் என்று.”